மேலே மன்றம், கீழே சந்தை: பாஸ்டன் நகரின் ஃபனியல் மண்டபம்

ஓர் ஊர் ஊராக விளங்க இரண்டு இடங்கள் இன்றியமையாதவை. ஒன்று, மக்கள் பொருள் வாங்கவும் விற்கவும் கூடும் சந்தை. மற்றொன்று, ஊரின் நன்மை தீமைகளைப் பேசி முடிவு காணக் கூடும் மன்றம். நம் முன்னோர் வாழ்ந்த தோட்டங்களிலும் இவ்விரண்டும் இருந்தன. சம்பள நாளன்று லயங்களின் அருகே கடைகள் விரிக்கப்பட்டன. திருவிழாவைப் பற்றிப் பேசவும், வழக்குகளைத் தீர்த்துக் கொள்ளவும் கோயில் முற்றத்தில் மக்கள் கூடினர். வயிற்றுக்கு ஒன்று, வாழ்வுக்கு ஒன்று என அவை அமைந்திருந்தன.

இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ் அமைத்துக் கொண்ட நகரம் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் வடகிழக்குக் கடற்கரையில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைநகராக விளங்கும் பாஸ்டன் மாநகரமே அது. அங்குள்ள ஃபனியல் மண்டபத்தின் கீழ்த்தளம் சந்தையாகவும், மேல்தளம் மக்கள் மன்றமாகவும் 1742ஆம் ஆண்டில் கட்டப்பட்டன. 'சுதந்திரத்தின் தொட்டில்' என்று அமெரிக்க மக்கள் அதனைப் போற்றுகின்றனர். மாணவச் செல்வங்களே! பெற்றோர்களே! வாருங்கள், நாம் அனைவரும் மனக்கண்ணால் அங்குச் சென்று வருவோம்.

செல்லும் வழி

பாஸ்டன் நகரில் வழி கேட்க வேண்டிய தேவை அதிகம் இல்லை. நடைபாதையில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. சில இடங்களில் அது செங்கல் பதித்த கோடு; சில இடங்களில் வண்ணம் தீட்டிய கோடு. 'சுதந்திரப் பாதை' எனப்படும் இப்பாதை 1951ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை மைல் நீளமுள்ள இது, 16 வரலாற்று இடங்களை ஒன்றோடொன்று இணைக்கிறது. அக்கோட்டைப் பற்றி நடந்தால், சிவந்த செங்கற் சுவர்களும் வரிசையான வளைவுச் சன்னல்களும் உச்சியில் சிறு கோபுரமும் கொண்ட ஃபனியல் மண்டபத்தின் முன் வந்து நிற்போம்.

மண்டபத்தின் முன்னே சாமுவேல் ஆடம்ஸ் என்னும் தலைவரின் சிலை நிற்கிறது. கைகளைக் கட்டிக்கொண்டு, 'நான் சொன்னதற்கு விடை என்ன?' என்று கேட்பவரைப் போல அவர் காட்சி தருகிறார். இச்சிலையை வடித்தவர் ஆன் விட்னி என்னும் பெண் சிற்பி. 1880ஆம் ஆண்டில் இது பாஸ்டனில் நிறுவப்பட்டது.

சந்தை வேண்டுமா, வேண்டாமா?

ஊருக்குச் சந்தை வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார் என்றே நாம் எண்ணுவோம். ஆனால் பாஸ்டன் மக்கள் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் சண்டையிட்டனர். அக்காலத்தில் நாட்டுப்புறத்து உழவர்கள் வண்டிகளிலும் கூடைகளிலும் காய்கறிகளையும் இறைச்சியையும் கொண்டு வந்து வீடு வீடாக விற்றனர். சந்தைக் கட்டடம் வந்தால் விதிகள் வரும். விதிகள் வந்தால் விலை ஏறும். வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரியும் வராமற் போவான் என்று பலர் அஞ்சினர். ஒரே இடத்தில் வாங்கினால் நேரம் மிஞ்சும், பொருளின் தரத்தையும் எடையையும் மேற்பார்வை செய்யலாம் என்று வேறு சிலர் வாதிட்டனர்.

1734ஆம் ஆண்டில் நகரத்தில் மூன்று சந்தைகள் திறக்கப்பட்டன. அவை நிலைக்கவில்லை. 1737ஆம் ஆண்டில் மாறுவேடம் பூண்ட ஒரு கூட்டம், துறைமுகத்தின் அருகிலிருந்த சந்தைக் கட்டடத்தை இரவோடு இரவாக இடித்துத் தரைமட்டமாக்கியது. அவ்வளவு கடுமையாக இருந்தது எதிர்ப்பு.

இந்நிலையில் 1740ஆம் ஆண்டில் பீட்டர் ஃபனியல் என்ற பெரும் வணிகர், தம் சொந்தச் செலவில் ஒரு சந்தைக் கட்டடத்தைக் கட்டி நகரத்திற்கு நன்கொடையாக அளிக்க முன்வந்தார். இலவசமாகக் கிடைக்கும் கட்டடத்தையும் மக்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஊர்க்கூட்டம் கூடியது, வாக்கெடுப்பு நடந்தது. ஏற்போம் என்றவர்கள் 367 பேர். வேண்டாம் என்றவர்கள் 360 பேர். ஏழே ஏழு வாக்குகளால் அம்மண்டபம் பிறந்தது! நான்கு பேர் மனம் மாறி எதிர்த்து வாக்களித்திருந்தால், நாம் இன்று காண வந்த மண்டபமே இருந்திராது. ஒருவரின் ஒரு வாக்கு என்ன செய்துவிடும் என்று கேட்போருக்கு இந்த எண்களே தக்க விடையாகும்.

சந்தையின் மேலே ஊர்க்கூட்டம் நடத்த ஒரு மண்டபத்தையும் சேர்த்துக் கட்டினர். ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஓவியர் ஜான் ஸ்மிபர்ட் அதற்கு வரைபடம் தந்தார். 1742இல் கட்டடம் முடிந்தது. ஆனால், கொடையளித்த ஃபனியல் 1743ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், 42ஆம் வயதில் காலமானார். அம்மண்டபத்தில் மக்கள் திரளாகக் கூடிய முதற்கூட்டமே அவருக்கு நடந்த இரங்கற் கூட்டமாக அமைந்தது.

கோபுர உச்சியில் வெட்டுக்கிளி

சிறுவர்களே, இப்போது சற்று அண்ணாந்து பாருங்கள். கோபுர உச்சியில் பொன்போல் மின்னும் ஒரு வெட்டுக்கிளி தெரிகிறதா? காற்று வீசும் திசையைக் காட்டும் கருவி அது. ஷெம் ட்ரவுன் என்னும் கைவினைஞர் 1742இல் செம்பினால் செய்து, பொன்முலாம் பூசி, கண்ணாடிக் கண்கள் பதித்து அதனை உருவாக்கினார். அதன் நீளம் ஏறத்தாழ நான்கு அடி. இலண்டன் மாநகரின் வணிக மாளிகையின் உச்சியிலும் ஒரு வெட்டுக்கிளி உண்டு.

இந்த வெட்டுக்கிளி பட்ட பாடு கொஞ்சமன்று. 1755ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கீழே விழுந்து உடைந்தது. செய்தவரே அதனைச் செப்பனிட்டு மீண்டும் ஏற்றினார். 1761இல் மண்டபம் தீப்பற்றி எரிந்தபோதும் அது தப்பியது. 1974ஆம் ஆண்டில் ஒருநாள் வெட்டுக்கிளியைக் காணவில்லை! நகரமே பதறியது. சில நாள்களுக்குப் பின், அதே கோபுரத்தினுள் பழைய கொடிகளுக்கு அடியில் மறைத்து வைக்கப்பட்டிருந்த அதனைக் கண்டெடுத்தனர்.

தேநீரும் வரியும்

1761இல் எரிந்த மண்டபத்தை நகர மக்கள் கைவிடவில்லை. குலுக்குச் சீட்டு நடத்திப் பணம் திரட்டினர். 1763இல் மண்டபம் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பிறகுதான் அதன் புகழ்மிக்க காலம் தொடங்கியது.

அந்நாளில் பாஸ்டன், இங்கிலாந்து அரசின் ஆட்சிக்குட்பட்ட குடியேற்ற நாடு ஒன்றின் நகரமாக இருந்தது. இங்கிலாந்து நாடாளுமன்றம் 1764இல் சர்க்கரைக்கும், 1765இல் பத்திரங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும், 1767இல் தேயிலை, கண்ணாடி, காகிதம் முதலியவற்றுக்கும் வரி விதித்தது. அந்த நாடாளுமன்றத்தில் பாஸ்டன் மக்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. 'எங்கள் சார்பில் பேச ஆளில்லாத அவை, எங்கள்மீது வரி விதிப்பது எவ்வாறு முறையாகும்?' என்பதே இம்மண்டபத்தில் மீண்டும் மீண்டும் எழுந்த கேள்வி. கீழே மீனும் இறைச்சியும் விலை பேசப்பட்டன; மேலே உரிமை பேசப்பட்டது. 1768இல் நகரத்தை அடக்க வந்த படைவீரர்களுக்கு இம்மண்டபமே படுக்கும் இடமாகவும் ஆக்கப்பட்டது.

தேயிலை என்றதும் நமக்கு ஆர்வம் பிறப்பது இயல்பு. கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களுள் நம்மவர் பலர். ஆனால் நாம் பேசும் காலத்தில் இந்தியாவில் தேயிலைத் தோட்டங்கள் தோன்றவில்லை. சீனாவில் விளைந்த தேயிலையைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கி விற்றது. 1773இல் அக்கம்பெனியின் தேயிலையை ஏற்றிய கப்பல்கள் பாஸ்டன் துறைமுகத்தை அடைந்தன. ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்சு வரி செலுத்திய பின்னரே அதனை இறக்கலாம் என்பது சட்டம். தேயிலையை இறக்கவே கூடாது என்று மக்கள் ஃபனியல் மண்டபத்தில் கூடினர். இடம் கொள்ளாத அளவுக்குக் கூட்டம் பெருகியதால், அருகிலிருந்த பெரிய தேவாலயம் ஒன்றுக்குக் கூட்டம் மாற்றப்பட்டது. 1773 டிசம்பர் 16ஆம் நாள் இரவு, ஒரு குழுவினர் கப்பல்களில் ஏறி, 342 தேயிலைப் பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினர்.

அதன் விளைவாக இங்கிலாந்து அரசு துறைமுகத்தை மூடியது. 1775இல் போர் மூண்டது. நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது இங்கிலாந்துப் படை அதிகாரிகள் ஃபனியல் மண்டபத்தை நாடகக் கொட்டகையாக்கினர். 1776 சனவரியில் ஓர் இரவு, முற்றுகையைக் கேலி செய்யும் நாடகம் நடக்கவிருந்தது. அப்போது படைவீரர் ஒருவர் மேடையேறி, 'எதிரிகள் தாக்குகின்றனர்!' என்று கூவினார். அதுவும் நாடகத்தின் பகுதியே என்று எண்ணிப் பார்வையாளர்கள் சிரித்தனர். பின்புதான் அது மெய்யான தாக்குதல் என்று தெரிந்து ஓடினர்.

இப்போரில் 1781ஆம் ஆண்டு யார்க்டவுன் என்னுமிடத்தில் சரணடைந்த இங்கிலாந்துப் படையின் தளபதி காரன்வாலிஸ் பிரபு ஆவார். தோற்ற தளபதியின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 1786இல் அவர் இந்தியாவின் தலைமை ஆளுநரானார். அதே ஆண்டில் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பினாங்குத் தீவில் கொடியேற்றினார். பினாங்கில் நாம் காணும் காரன்வாலிஸ் கோட்டை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பாஸ்டன் எங்கே, பினாங்கு எங்கே! ஆயினும் ஒரே கம்பெனியின் கணக்கேடு இரண்டையும் தொட்டிருக்கிறது.

தொட்டிலின் மேல் விழுந்த நிழல்

இதுவரை கேட்ட கதை பெருமைக்குரியது. இனி நாம் கேட்கப் போவது வேறு வகையானது. அதனைச் சொல்லாமல் விட்டால் இம்மண்டபத்தின் வரலாறு பாதி வரலாறே ஆகும்.

பீட்டர் ஃபனியலின் செல்வம் எவ்வாறு வந்தது? மீன், சர்க்கரைப் பாகு, ரம் என்னும் மதுவகை ஆகியவற்றோடு அவர் மனிதர்களையும் வாணிகம் செய்தார். ஆப்பிரிக்க மக்களை விலைக்கு வாங்கி விற்கும் தொழிலில் அவருடைய பணமும் கப்பலும் ஈடுபட்டிருந்தன. அவர் வீட்டிலும் அடிமைகள் வேலை செய்தனர். சுதந்திரத்தின் தொட்டிலுக்கு மரம் வாங்கிய பணத்தில் அடிமைகளை விற்ற பணமும் கலந்திருந்தது. தங்களை இங்கிலாந்து அரசு அடிமைகளாக்கப் பார்க்கிறது என்று மேல்தளத்தில் சிலர் முழங்கியபோது, அதே நகரத்தின் தெருக்களில் உண்மையான அடிமைகள் சுமை சுமந்து கொண்டிருந்தனர்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1780களில் நீதிமன்றத் தீர்ப்புகளால் அடிமை முறை ஒழிந்தது. எனினும் தென் மாநிலங்களில் அது நீடித்தது. அதனை எதிர்த்தவர்கள் இம்மண்டபத்தையே தேடி வந்தனர். 1837ஆம் ஆண்டில், அடிமை முறையைக் கண்டித்து எழுதிய இலைஜா லவ்ஜாய் என்ற பத்திரிகையாசிரியர் இல்லினாய் மாநிலத்தில் கொல்லப்பட்டார். அதனைக் கண்டிக்கக் கூட்டம் நடத்த மண்டபத்தைக் கேட்டபோது, நகர நிருவாகம் முதலில் மறுத்தது. மக்கள் விடாது வற்புறுத்திய பின்னரே இணங்கியது. அன்று வெண்டெல் ஃபிலிப்ஸ் என்ற இளைஞர் ஆற்றிய உரை அவரை நாடறியச் செய்தது. அடிமையாய்ப் பிறந்து, தப்பி வந்து, தாமே கற்றுத் தேர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ் அவர்களும் இம்மண்டபத்தில் முழங்கினார்.

1854ஆம் ஆண்டில் நடந்ததை நாம் மறக்கலாகாது. விர்ஜினியா மாநிலத்திலிருந்து தப்பி வந்து பாஸ்டனில் உழைத்துப் பிழைத்த அந்தோனி பர்ன்ஸ் என்ற இளைஞர், தப்பிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டத்தின்படி மே மாதம் 24ஆம் நாள் கைது செய்யப்பட்டார். இரண்டு நாள்களில் ஃபனியல் மண்டபம் நிரம்பி வழிந்தது. கூட்டத்தினர் சிலர் அங்கிருந்தே நீதிமன்றத்திற்கு ஓடி, கதவை உடைத்து அவரை விடுவிக்க முயன்றனர். முயற்சி தோற்றது. சூன் 2ஆம் நாள், படைவீரர்கள் புடைசூழ, பல்லாயிரக்கணக்கான மக்கள் துயரத்தோடு பார்த்து நிற்க, பர்ன்ஸ் கப்பலேற்றப்பட்டார். மன்றத்தின் குரல் அன்று ஒரு மனிதனைக் காக்க இயலவில்லை. ஆயினும் மக்கள் ஓயவில்லை. பணம் திரட்டி அடுத்த ஆண்டே அவருடைய விடுதலையை விலை கொடுத்து வாங்கினர். 1865ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதும் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

பெண்கள் கேட்ட கேள்வி

பழைய ஊர்க்கூட்டங்களில் பெண்களுக்கு வாக்கு இல்லை. 1873 டிசம்பரில், தேயிலையைக் கடலில் கொட்டிய நிகழ்ச்சியின் நூறாவது ஆண்டு நிறைவில், லூசி ஸ்டோன் முதலிய பெண் தலைவர்கள் இதே மண்டபத்தில் தேநீர்க் கூட்டம் ஒன்றைக் கூட்டினர். 'பேச ஆளில்லாத அவை வரி விதிக்கலாகாது என்று உங்கள் பாட்டனார் சொன்னார்களே! வாக்கில்லாத நாங்கள் மட்டும் ஏன் வரி செலுத்துகிறோம்?' என்பது அவர்களுடைய வாதம். ஆண்கள் செய்த கூர்வாளை அவர்கள் பக்கமே திருப்பிக் காட்டிய அறிவு போற்றத்தக்கது. அமெரிக்கப் பெண்கள் நாடு தழுவிய வாக்குரிமையை 1920இல் பெற்றனர்.

பெருகிய சந்தை

நகரம் வளரவே மண்டபமும் சிறிதாகியது. 1805–06ஆம் ஆண்டுகளில் சார்லஸ் புல்ஃபின்ச் என்ற கட்டடக் கலைஞர், 40 அடி அகலத்தை 80 அடியாக்கி, மூன்றாம் தளத்தையும் எழுப்பினார். சந்தைக்கும் இடம் போதவில்லை. நகரத் தலைவர் ஜோசையா குவின்சி, பழைய கப்பல் துறையை மண்ணிட்டு நிரப்பச் செய்து, புதிய சந்தையைக் கட்டுவித்தார். அலெக்சாண்டர் பாரிஸ் என்பவர் அதனை வடிவமைத்தார். கருங்கல்லாலான அக்கட்டடம் 535 அடி நீளமுடையது. நடுவே குவிமாடம் கொண்டது. 1826இல் திறக்கப்பட்ட அதற்குக் குவின்சி சந்தை என்று பெயர்.

நூற்றாண்டுக்கு மேலாக இறைச்சியும் வெண்ணெயும் காய்கறியும் அங்கு விற்கப்பட்டன. பின்னர் வியாபாரிகள் வேறிடம் பெயர்ந்தனர், கட்டடங்கள் பாழடைந்தன. இடித்துவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. பெஞ்சமின் தாம்சன் என்ற கட்டடக் கலைஞரும் ஜேம்ஸ் ரவுஸ் என்ற தொழிலதிபரும் முன்வந்து புதுப்பிக்க, திறப்பு விழாவின் 150ஆம் ஆண்டு நிறைவான 1976இல் அது மீண்டும் உயிர்பெற்றது. இன்று அங்கு உணவுக் கடைகளும் பரிசுப் பொருள் கடைகளும் நிறைந்துள்ளன. காய்கறி வாங்க வேண்டுமாயின் சற்றுத் தள்ளியுள்ள ஹேமார்க்கெட் திறந்தவெளிச் சந்தைக்குச் செல்ல வேண்டும். வெள்ளி, சனிக்கிழமைகளில் நம் பாசார் மாலாம் போன்றே அங்குக் கூவி விற்கும் குரல்களைக் கேட்கலாம்.

கோலாலம்பூரின் மத்தியச் சந்தையும் இத்தகைய வரலாறு உடையதே. 1888இல் தொடங்கி, 1937இல் இன்றைய கட்டடத்தைப் பெற்ற அச்சந்தை, இடிபடாமல் காக்கப்பட்டு, 1986இல் கைவினைப் பொருள்களின் நிலையமாகியது. பழமையைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் எந்நாட்டவர்க்கும் பொதுவானது.

பெயர் யாருடையது?

இன்றும் ஃபனியல் மண்டபத்தில் கூட்டங்கள் நடக்கின்றன. வேற்று நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் உறுதிமொழி கூறி அமெரிக்கக் குடியுரிமை பெறும் விழாவும் அங்கு நடைபெறுகிறது. குடியுரிமை என்ற சொல்லின் எடையை நம் தோட்டத்துப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். அத்தாளுக்காகக் காத்திருந்தவர்களின் கதை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு.

அம்மண்டபத்திற்கு அடிமை வணிகரின் பெயர் தகுமா என்பது இப்போது எழுந்துள்ள வழக்கு. 2023ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரின் அடிமை முறையைப் பற்றிய கண்காட்சி அம்மண்டபத்திலேயே திறக்கப்பட்டது. அதே ஆண்டில், பெயரை மாற்றுவதை ஆதரித்து நகர மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கொடுத்தவரின் பெயரை அழித்தால் வரலாறும் மறைந்துவிடும் என்பது ஒரு சாரார் கருத்து. பெயர் என்பது பெருமைப்படுத்துவது. வரலாற்றை அறிவிக்க விளக்கப் பலகை போதும் என்பது மறுசாரார் கருத்து. இவ்வழக்கும் மண்டபத்தின் மரபுக்கு ஏற்றதே. வழக்காடுவதற்காகத்தானே அதனைக் கட்டினர்!

நம் நாட்டிலும் பல தோட்டங்களும் சாலைகளும் துரைமார்களின் பெயர்களைத் தாங்கின. காடழித்து, கன்று நட்டு, பால் வெட்டியவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. நம் தமிழ்ப் பள்ளிகள் சிலவற்றை எழுப்பத் தோட்டப் பாட்டாளிகள் தம் ஒருநாள் சம்பளத்தை ஈந்தனர். அவர்களுடைய பெயர்களை அறிந்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.

ஆதலின் மாணவ மணிகளே, ஃபனியல் மண்டபத்திலிருந்து நாம் கொண்டுவரத்தக்க பொருள் ஒன்று உண்டு. விலை கொடுத்து வாங்கும் பொருளன்று அது. உங்கள் பாட்டன் பாட்டிமார்களிடம் சென்று, 'நம் பள்ளியைக் கட்டியவர்கள் யார்? நம் கோயில் முற்றத்தில் கூடிப் பேசியவர்கள் யார்? எதற்காகப் பேசினார்கள்?' என்று கேளுங்கள். கேட்டதை ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குத் தவறாது வாருங்கள்; வந்து வாய் திறந்து பேசுங்கள். பாஸ்டன் மண்டபத்தைப் பெருமைப்படுத்தியது அதன் செங்கல் அன்று. அங்கு வந்து பேசத் துணிந்த மக்களே.